ஈரப் போர்வை

சிவப்புக் குழாயில் தண்ணீர் சூடாக வந்தது.

அருள்செல்வி கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் நீட்டிப் பார்த்தாள். ஜூன் மாதத்தில் இந்த ஊரில் நீலக் குழாயைத்தான் யாரும் தொடுவதில்லை. மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுக்க வெயிலில் வெந்த தண்ணீர் அதில் வரும். அப்படியே டீத்தூளைப் போட்டுவிடலாம் போலிருக்கும். சிவப்புக் குழாய் வேறு. ஏப்ரல் கடைசியில் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டால், குளியலறைச் சுவரில் தொங்கும் வெள்ளை உருளைக்குள் நிழலில் நிற்கும் தண்ணீர் ஒரு ராத்திரியில் குளிர்ந்துவிடும். குளிர்காலத்தில் சூடு தரும் குழாய் கோடையில் குளிர்ச்சி தரும். வளைகுடாவுக்கு வந்த முதல் வருடமே எல்லோரும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். மகள் அக்ஸா வளைகுடாவிலேயே பிறந்தவள். எல்.கே.ஜி.யில் ஐஸ்கட்டிக்குச் சிவப்பு வண்ணம் அடித்துவிட்டு, டீச்சர் ஏன் சிரித்தார் என்று வந்து கேட்டாள்.

சுவிட்ச் அணைந்தே இருந்தது. ஹீட்டரின் சின்ன விளக்கும் எரியவில்லை. அருள்செல்வி ஹீட்டருக்குப் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

சுவர் சுட்டது. வெயில் சூடு இல்லை. அந்தச் சுவரில் மதியத்துக்குமேல் வெயில் விழாது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல, உள்ளிருந்து வருகிற சூடு.

சுவருக்கு அந்தப் பக்கம் தோட்டம்.

ஒரு காலத்தில் அது உண்மையிலேயே தோட்டமாக இருந்தது என்று சொல்வார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஃபுஜைரா பக்கத்தின் இந்தச் சின்ன ஊரில், பேரீச்ச மரங்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றனவாம். கிணற்றில் உப்பு ஏற ஏற, தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக பம்பை நிறுத்திவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் புது வில்லா கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மரங்கள் நின்றபடியே செத்தன. ஓலை தொங்கி, நார் உலர்ந்து, தலை முறிந்து. பழைய வீடுகளை மட்டும் பிளைவுட் வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். மக்தூம் என்ற அரபியின் இந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள். ஒரு பாதியில் அருள்செல்வியும் அவள் கணவன் பிரைட்டும் ஐந்து வயது அக்ஸாவும். மறு பாதியில் கீழக்கரைக்காரர் கலீல் ரஹ்மானும் அவர் மனைவி ரஹீமா பீவியும். நடுவில் ஒரு நடை. நடையின் கோடியில் இருவருக்கும் பொதுவாக ஒரு குளியலறை.

அவர்கள் இந்த வீட்டுக்கு வந்த வருடம் தோட்டத்தில் தீப்பிடித்தபோது அது ஒரு செய்தியாக இருந்தது. ஜனங்கள் கார் நிறுத்தி போனில் படம் எடுத்தார்கள். அடுத்த கோடையில் இரண்டு தோட்டங்கள் எரிந்தன. கோனு புயல் வந்துபோனதற்கு அடுத்த கோடையான இப்போது, தீ ஒரு பருவம்போல ஆகிவிட்டது. மாம்பழம் வரும், ஸ்கூல் பரீட்சை வரும், தீ வரும். வாழ்க்கை அதற்கேற்ப மடங்கிக்கொண்டது. மே மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் பக்கெட்டுகளும் பழைய பருத்திப் போர்வைகளும் தயாராக இருக்கும். கதவடியில் திணிக்க நனைத்த கோணிச் சாக்கு. ஏ.சி.யின் ஓட்டைகளை அடைக்கத் துண்டுகள். வாசலுக்கு முன்னால் ஓடும் சந்தின் இரண்டு பக்கமும் ஓலை வேலி. அதை எடுக்க மக்தூம் சம்மதிக்கவில்லை, அப்பா கட்டிய வேலி என்றார். அதனால் தீ வந்ததும் வெளியே ஓடக்கூடாது. வேலி எரியும்போது சந்து ஒரு அடுப்பு. அது எரிந்து தீரும்வரை குளியலறையில் ஈரப் போர்வையைத் தலையோடு போர்த்தி உட்கார வேண்டும். அந்த வீட்டில் பிளைவுட் இல்லாத ஒரே அறை அது. சந்து முனையில் இருக்கும் தன் பக்காலா மளிகைக் கடையின் மொட்டைமாடியிலிருந்து கலீல் ரஹ்மான் தண்ணீர்த் தொட்டியை இரும்புக் கம்பியால் தட்டுவார். வேகமாகத் தட்டினால் தீ. நிறுத்தி நிறுத்தித் தட்டினால் சந்து தணிந்துவிட்டது, ஆற்றுப்படுகைக்கு ஓடலாம். படுகையில் கூழாங்கல் மட்டும்தான். எரிய ஒன்றுமில்லை.

ஓடும்போது பின்னால் ஒவ்வொரு கதவையும் சாத்திவிட்டு ஓட வேண்டும். திறந்த கதவு தீக்குப் போடுகிற சோறு. போன மாதம் எதிர் வீடு போனது அப்படித்தான்.

அருள்செல்வி குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

சமையலறையில் ரஹீமா பீவி மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சிவப்புல சுடுதண்ணி வருது."

"எனக்கும் காலையில வந்துச்சு. ஹீட்டரு செத்துப் போச்சு போல. மக்தூம்ட்ட சொன்னா, குளிராச்சும் சூடாச்சும் தண்ணி வருதுல்லம்பாரு."

"செவரும் சுடுது. வேரு எரியுதோன்னு இருக்கு. போன மாசத் தீ மேலதான் அணைஞ்சிருக்கும். அடியில நார் கனிஞ்சுக்கிட்டே வரும். காத்து கொஞ்சம் இருந்தாப் போதும் அதுக்கு."

"நீ பி.எஸ்ஸி. படிச்சவ, இதெல்லாம் தெரியுது. நான் எட்டாவது. நிம்மதியா மீன் பொரிக்கிறேன்." ரஹீமா சிரித்தாள். பிறகு மசாலாக் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன், செல்வி. போன தடவ படுகையில உக்காந்திருந்தோம்ல, இருட்டுல போர்வையப் போத்திக்கிட்டு. நான் சும்மா எண்ணுனேன். நம்ம சந்து ஆளுங்க கணக்குக்கு ஒண்ணு கூட இருந்துச்சு."

"தோட்டத்துப் பெங்காளி யாராச்சும் வந்திருப்பான்."

"சின்னதால்ல இருந்துச்சு. நம்ம அக்ஸா ஒசரம்."

அருள்செல்வி மீன் தட்டைக் கிட்ட நகர்த்திவைத்தாள்.

"கேக்குக்கு வந்திருக்கும்," என்றாள் ரஹீமா. "நீ கொண்டாந்த கேக்க நம்மளே தின்னு முடிச்சுட்டோம். பாவம்."

"பெறவு?"

"பெறவு என்ன. கரண்டு வந்துச்சு. எந்திரிச்சு வீட்டுக்கு வந்தோம்."

"அது?"

"அதுவும் எந்திரிச்சுப் போயிருக்கும், ஏதாச்சும் ஒரு வீட்டுக்கு." சொல்லிவிட்டு அவளுக்கே அது பிடிக்கவில்லை போல. மீனைத் திருப்பிப் போட்டாள்.

பள்ளி வேன் அக்ஸாவை இறக்கிவிட்டுப் போனது. பிள்ளையின் மூச்சில் மெல்லிய விசில் கேட்டது. புகைக் காலம் தொடங்கியதிலிருந்து அந்த விசில் நிற்கவில்லை. இன்னொரு தடவை புகை நெஞ்சுக்குள் இறங்கவிடாதீர்கள் என்று போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அருள்செல்வி பிரைட்டுக்கு போன் செய்தாள். அவன் மலைக்குள் கல் உடைக்கும் கிரஷரில் மெக்கானிக். பின்னால் இயந்திரம் அரைக்கும் சத்தம் கேட்டது.

"சுவிட்ச் ஆஃப்ல இருந்தா வெயிலுதான் பிள்ள. டியூட்டி முடிஞ்சு வந்து பாக்கேன்."

"நாம டவுனுக்கு, ரோலாவுக்குப் போயிரலாம். ஒத்த ரூமுன்னாலும் போதும். இவளுக்கு மூச்சு இரைப்பு அடங்கமாட்டேங்குது."

"இந்த ஒரு சம்மர் கழியட்டும்."

"போன சம்மரும் இதத்தான் சொன்னிய."

இயந்திரம் அரைத்தது. "வச்சிரட்டா?" என்றான்.

அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். மூன்று மணி வெயில். செத்த மரங்களின் நடுவே காற்று நெளிந்தது, அனலில் நெளிவதுபோல. அவற்றுள் ஒரு மரத்தின் அடியில், நிலத்தோடு ஒட்டி, புகை நூல்போல எழுந்துகொண்டிருந்தது. நேராக. மெல்ல. அது வீட்டுச் சுவருக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்ததுதான் அவளை அசையவிடாமல் செய்தது. பிறகு அந்த மரம், மேலே எந்தத் தீயும் இல்லாமல், வயிற்றின் நடுவில் சிவந்தது.

தொட்டிச் சத்தம் கேட்டது. வேகமாக.

அதற்குப்பின் எல்லாம் பழகிய கைகள் செய்தன. அவள் ஏ.சி.யை அணைத்துவிட்டு அதன் வாயில் ஈரத் துண்டுகளை விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். ரஹீமா நடையில் ஓடும் சத்தம், பிரிட்ஜ் கதவு சாத்தும் சத்தம், குளியலறையில் பக்கெட் இழுபடும் சத்தம் கேட்டன. ஜன்னல் ஆரஞ்சாகி, பழுப்பாகி, கறுத்தது. மின்சாரம் போயிற்று.

"புள்ளயப் போத்தி உக்கார வச்சுட்டேன்." ரஹீமா வாசலில் நின்று முந்தானையில் கை துடைத்தாள். "கடையில கேஸ் சிலிண்டரு கெடக்கு. அவரு ஒத்தையில உருட்டுறாரு. நான் போறேன். வேலி இன்னும் பத்தல. நீ உள்ள போயிரு."

"அக்கா, டார்ச்சு?"

"கடையில இருக்கு. சத்தம் கேட்டதும் வந்துரு. கதவச் சாத்திட்டு வா." அவள் போனாள். வெளிக்கதவு சாத்திக்கொண்டது.

அருள்செல்வி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடையைக் கடந்தாள். குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தி, கோணியைக் கதவடியில் காலால் திணித்தாள். தன் பக்கெட்டில் கை விட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர், பிள்ளை குளிப்பாட்டும் பதத்தில். வேறெப்படி இருக்கும். போர்வையைப் பிழியாமல் எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கையை வலப்பக்கம் நீட்டினாள்.

சின்னத் தோள். ஈரத் துணிக்கடியில் எலும்பு.

"மக்ளே, நான்தான். சிலை ஆட்டம். வாயத் திறக்கக்கூடாது. மூக்கால மட்டும். மம்மி சொல்லுறவரைக்கும் அசையக்கூடாது, சரியா?"

தோள் அசையவில்லை. அக்ஸா இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி. போன மாதம் கால் மரத்துப்போய் அழுகை வந்தபோதும் அவள் அசையவில்லை. ஜெயித்தால் கிட்காட் உண்டு.

அருள்செல்வி அந்தத் தோளை அணைத்துக்கொண்டாள். துணி குளிர்ச்சியாக இருந்தது. நல்லது, இன்னும் காயவில்லை என்று நினைத்தாள்.

வெளியே ஓலைகள் பற்றின. முதலில் அப்பளம் பொரிவதுபோல. பிறகு பெருமழை தகரத்தில் கொட்டுவதுபோல. அதற்கும் அடியில், மரங்களின் வயிறு ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும் மந்தமான தொப், தொப். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை ரஹீமா அட்டை வைத்து ஒட்டியிருந்தாள். அட்டைக்கு வெளியே, மின்சாரமில்லாமல், தீயிழுக்கும் காற்றில் ஃபேனின் இறக்கைகள் தானாகச் சுற்றின. கீச். கீச். டைல்ஸ் இடுக்கிலிருந்து சோப்பு வாசனையும் சாக்கடை வாசனையும் எழுந்து, அவற்றின்மேல் கருகிய பேரீச்சம்பழத்தின் இனிப்பு வாடை, பாகு தீய்ந்ததுபோல, கனமாகப் படிந்தது. ஹீட்டருக்குள் தண்ணீர் மெல்ல முனகத் தொடங்கியிருந்தது. இருட்டு முழுமையாக இருந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

அவள் இடது கையைத் தரையில் ஊன்றினாள், உட்கார்ந்த இடத்தைச் சரிசெய்ய.

விரலில் விரல் பட்டது. கால் விரல். சின்னது.

அக்ஸா காலை நீட்டியிருக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் கணக்கு இடித்தது. தோள் வலது கைக்குள் இருந்தது. இடது பக்கத்தில் கால் எப்படி வரும்?

விரல்கள் மெல்ல மேலே போயின. கணுக்கால். முழங்கால், மடக்கி வைத்தது. அதன்மேல் போர்வை. உள்ளே ஒரு சின்ன உடம்பு, குறுகி, தலை குனிந்து, அசையாமல்.

சிலையாக.

அருள்செல்வி மூச்சை அடக்கினாள். வலப்பக்கம் மூச்சு விசிலடித்தது. இடப்பக்கமும் விசிலடித்தது. ஒரே சுருதியில்.

யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. பயந்து ஓடிவந்து புகுந்துகொண்டது. அவள் அந்த எண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சந்தில் வேறு பிள்ளை இல்லை என்பது தெரிந்தும் பிடித்துக்கொண்டாள்.

"அக்ஸா," என்றாள் மெல்ல.

"மம்மி," என்றது வலப்பக்கம்.

"மம்மி," என்றது இடப்பக்கம்.

ஹீட்டர் முனகியது.

"உன் டீச்சர் பேரு என்ன மக்ளே?"

"நிஷா மிஸ்." இரண்டும் சேர்ந்தே சொல்லின. இரண்டிலும் அந்த 'ஸ்' பல்லிடுக்கில் ஊதியது. கீழ்வரிசையில் ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது அக்ஸாவுக்கு. இரண்டு நாளாக அப்படித்தான் ஊதியது.

அவள் இரண்டு போர்வைகளுக்குள்ளும் கை விட்டாள். வேறு வழி தெரியவில்லை. இரண்டு நெற்றிகள். இரண்டிலும் காலையில் அவளே கத்தரித்த கோணல் முடி. காதில் அதே பொட்டுக் கம்மல். வாய்க்குள் விரல் விட்டாள். வலப்பக்கம், பல் ஆடியது. இடப்பக்கம், பல் ஆடியது. எத்தனை தடவி என்ன, வித்தியாசம் இல்லை.

இல்லை. ஒன்று இருந்தது.

வலப்பக்கத்து வாய் குளிர்ந்திருந்தது. கன்னம் குளிர்ந்திருந்தது. பற்கள் விரலின்மேல் தந்தியடித்தன. போர்வை, இவ்வளவு நேரமாக அவள் ஆறுதலென்று அணைத்திருந்த போர்வை, ஆழக் கிணற்றிலிருந்து எடுத்ததுபோல ஜில்லென்று இருந்தது.

இடப்பக்கம் வெதுவெதுப்பு.

அவள் யோசித்தாள். யோசிக்கத் தெரிந்தவள் அவள். நனைந்த துணி காயும்போது குளிரும், உண்மை. ஆனால் இந்தக் காற்றில், காற்றே அசையாத இந்த அறையில், அது இவ்வளவு குளிராது. தண்ணீர்தான் குளிர்ந்திருக்க வேண்டும். நீலக் குழாயில் கொதி. சிவப்பில் சூடு. தொட்டியிலும் ஹீட்டரிலும் சூடு. அவளுடைய பக்கெட்டும் வெதுவெதுப்பு. இன்று இந்த வீட்டில் குளிர்ந்த தண்ணீர் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. மூன்று கோடையாகக் கை பழகிவிட்டது: குளிர்ச்சி என்றால் நம்முடையது, சூடு என்றால் வெளியே. இன்று அது தலைகீழ். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால்.

இந்தக் குளிர் இந்த வீட்டுக் குளிர் இல்லை. இது எங்கிருந்தோ வந்தது.

அவள் வலது கையை எடுத்துக்கொண்டாள்.

தொட்டிச் சத்தம். ஒன்று. இடைவெளி. இன்னொன்று.

"போலாம் மம்மி," என்றது இடப்பக்கம். அவள் தூக்குவதற்குள் அதுவே மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான, கனமான, பழகிய கனம். ஆட்டம் முடிந்தது என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

வலப்பக்கம் அசையவில்லை. ஒரு வார்த்தை இல்லை. பற்கள் மட்டும் தந்தியடித்தன.

இரண்டையும் தூக்கலாம். அந்த எண்ணம் வந்தது. ஒன்று இடுப்பில், ஒன்று கையில். வந்த வேகத்தில் போயிற்று. அதை வெளியே கொண்டுபோய், வீட்டுக்குக் கொண்டுவந்து, எதற்குச் சோறூட்டி எதைத் தூங்கவைப்பது?

அவள் எழுந்தாள். நைட்டியின் ஓரம் எதிலோ மாட்டி இழுபட்டது. குனிந்து தடவினாள்.

விரல்கள். குளிர்ந்த சின்ன விரல்கள், துணியைப் பிடித்திருந்தன.

ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஐந்தையும்.

கோணியை விலக்கிக் கதவைத் திறந்தாள். நடை ஆரஞ்சாக இருந்தது. பிளைவுட் தடுப்பின் அடிப்பகுதி கரகரவென்று சிவப்பாக அரித்துக்கொண்டு வந்தது. அவள் வெளியே வந்து குளியலறைக் கதவைச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். கோணியைத் திரும்பக் கதவடியில் திணித்தாள், இறுக்கமாக, காலால் மிதித்து. வீட்டுக் கதவைச் சாத்தினாள். சந்தில் வேலி இரண்டு பக்கமும் கணகணவென்று தரையில் கிடந்தது. நடுவில் ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ தட்டுவதுபோல் கேட்டது. கலீல் பாயின் கம்பி என்று நினைத்துக்கொண்டாள். கம்பிச் சத்தம் முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

படுகையில் புகை மெலிந்திருந்தது. கூழாங்கல்லில் ஏழெட்டுப் போர்வைகள் உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்று எழுந்து வந்தது. ரஹீமா.

"வந்துட்டியா. அல்லா காப்பாத்துனான். புள்ள நல்லா இருக்கா?"

அருள்செல்வி தலையாட்டினாள். பேச மூச்சில்லை. கல்லில் உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை கழுத்தைக் கட்டியபடியே இருந்தது. போர்வைக்குள் தலை இன்னும் குனிந்தே இருந்தது.

"இருமுனாளா?"

"இல்ல."

இருமவில்லை. இப்போதுதான் கவனித்தாள். நடையில், சந்தில், அவ்வளவு புகையில், ஒரு தடவைகூட இருமவில்லை.

"இருமமாட்டா. நல்லா ஈரமா போத்துனேன்ல." ரஹீமா பக்கத்தில் உட்கார்ந்தாள். "குழாயில சுடுதண்ணியால்ல வருது, இத முக்கி என்னத்துக்கு ஆவும்னு, பிரிட்ஜில கெடந்த ஐஸ்கட்டி பூராவையும் அவ பக்கெட்டுல கொட்டுனேன். ரெண்டு பாட்டில் ஐஸ்தண்ணியும். உனக்குப் பத்தல, அவளுக்கு மட்டுந்தான். போத்தினதும் புள்ளைக்கு வெடவெடன்னு நடுங்கிருச்சு. பொறுத்துக்கடி ராசாத்தின்னேன். வாயத் தொறக்கல பாரு. சிலையாட்டமாம்."

அருள்செல்வி அவளைப் பார்த்தாள்.

ரஹீமா கையை நீட்டிப் போர்வையைத் தொட்டாள். தொட்டதும் எடுத்துக்கொண்டாள். "என்ன புள்ள, அதுக்குள்ள இப்படிக் காஞ்சிருச்சு? சுடுதே."

அருள்செல்வி எழப் பார்த்தாள்.

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

மெல்லத்தான் இறுகின. ஒரு பிள்ளை தூக்கத்தில் இறுக்குவதுபோல. அவள் வாயைத் திறந்தாள். குளியலறை என்று சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். கலீல் பாய் அதோ இருக்கிறார், ஓடுவார். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. கையை நீட்டி வீட்டைக் காட்டினாள்.

"ஆமாடி, தெரியுது," என்றாள் ரஹீமா, அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே. "போனாப் போவுது. வீடுதான. புள்ள கையில இருக்குல்ல."

வீட்டின் கூரைமேல் தீ நிமிர்ந்தது.

"மம்மி," என்றது மடியில் இருந்தது, அவள் காதருகே, பல்லிடுக்கில் ஊதாமல், தெளிவாக.

அவள் கீழே பார்த்தாள். உலர்ந்த வெள்ளைப் போர்வையின் நடுவில், இஸ்திரிப்பெட்டியை மறந்து வைத்த இடம்போல, உள்ளிருந்து ஒரு பழுப்பு நிறம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.